விபத்து இழப்பீடும் நம்ம கணக்கு நோட்டும்

(கூட்டமைப்பின் அரையாண்டுப் பொதுக்குழுக் கூட்டத்தில் சட்ட உதவித் தன்னார்வலர் ஒருவர் ஆற்றிய உரை)



விபத்து நடந்தால் போலீசுக்குப் போகணும், ஆஸ்பத்திரிக்குப் போகணும், வக்கீலைப் பார்க்கணும் என்பது இப்போது நம் எல்லோருக்கும் தெரியும். எம்.சி.ஓ.பி. கேஸ் என்ற பேரும் ஊருக்கு ஊர் தெரிஞ்ச பேர்தான். மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் போடுகிற மனுவைத்தான் அப்படிச் சொல்கிறோம். ஆனால் அந்தத் தீர்ப்பாயத்தில் நம்மைப் பார்த்துக் கேட்கப்படும் முதல் கேள்விகளில் ஒன்றுக்கு நாம் தயாராகப் போவதில்லை. “அம்மா, உங்க வருமானம் எவ்வளவு? எதை வச்சுச் சொல்றீங்க?” இதுதான் அந்தக் கேள்வி. இன்றைக்கு இந்த ஒரு விஷயத்தைப் பற்றி மட்டும் பேசலாம் என்று இருக்கிறேன்.

இழப்பீடு என்றால் என்ன?

இழப்பீடு பரிசுச் சீட்டு கிடையாது. போனதை ஈடு செய்வதுதான் இழப்பீடு. அதனால் போனது எவ்வளவு என்று காட்ட வேண்டியது கேட்கிறவர் பொறுப்பு. 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 166ஆம் பிரிவில் மனு போடுகிறோம். விபத்து நடந்த இடத்துத் தீர்ப்பாயத்திலும் போடலாம், நாம் குடியிருக்கிற பகுதித் தீர்ப்பாயத்திலும் போடலாம். 2022 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த விதி, விபத்து நடந்த ஆறு மாதத்துக்குள் மனு போடச் சொல்கிறது. ஆறு மாதத்தை மனசில் வச்சுக்குங்க. ஏற்கெனவே தாண்டிப் போனவர்களும் சும்மா இருந்துவிடாமல் சட்ட உதவி மையத்தில் கேட்க வேண்டும்.

காயம்பட்டவர் என்னென்ன கேட்கலாம்? மருத்துவச் செலவு, மருந்து, சத்துணவு, ஆஸ்பத்திரிக்குப் போய்வந்த வண்டி வாடகை, வேலைக்குப் போக முடியாத நாட்களின் வருமானம், நிரந்தர ஊனம் என்றால் இனிமேல் குறையப் போகிற வருமானம், பட்ட வேதனை. நம் வண்டி அடிபட்டிருந்தால் அந்தச் சேதமும் உண்டு. இதில் வேதனைக்கு ரசீது கிடையாது. மற்ற எல்லாவற்றுக்கும் ஒரு துண்டுச் சீட்டாவது இருக்கணும்.

கூட்டியும் சொல்லாதீங்க, குறைச்சும் சொல்லாதீங்க

நம்மில் பலருக்கு மூன்று வருமானம் இருக்கிறது. பேங்க் கடன் விண்ணப்பத்தில் ஒரு வருமானம். அரசாங்கச் சலுகைக்கு வாங்குகிற சான்றிதழில் ஒரு வருமானம். விபத்து மனுவில் ஒரு வருமானம். மூன்றும் ஒரே வீடு, ஒரே அடுப்புதான்! சிரிக்கிறீங்க. ஆனால் சாட்சிக் கூண்டில் நிற்கும்போது சிரிப்பு வராது.

ஒரு உதாரணத்துக்குச் சொல்கிறேன். ஒரு சகோதரி மனுவில் மாதம் 20,000 ரூபாய் வருமானம் என்று எழுதியிருக்கிறார். புரோக்கர் எழுதச் சொன்னார். இன்சூரன்ஸ் கம்பெனி வக்கீல் அவருடைய குழுக்கடன் விண்ணப்பத்தைக் கேட்டு வாங்குகிறார். அதில் மாதம் 8,000 என்று இருக்கிறது, கீழே அந்தச் சகோதரியின் கையெழுத்தும் இருக்கிறது. குறுக்கு விசாரணையில், “அம்மா, எது நிஜம்? அன்னைக்குச் சொன்னதா, இன்னைக்குச் சொல்றதா?” என்று கேட்டால் என்ன பதில் சொல்ல முடியும்? வருமானம் மட்டும் அடிபட்டால் பரவாயில்லை. வண்டி வாடகை, மருந்துச் செலவு என்று அவர் சொன்ன உண்மையான கணக்கு மேலேயும் சந்தேகம் விழுந்துவிடும்.

நீதிமன்றத்தில் சத்தியம் செய்து தெரிந்தே பொய் சாட்சி சொன்னால், 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 229ஆம் பிரிவுப்படி ஏழு வருடம் வரை சிறைத் தண்டனை உண்டு. உத்தரப் பிரதேசத்தில் போலி விபத்துக் கேஸ்கள் பெருகியதால், 2015இல் அலகாபாத் உயர் நீதிமன்றம் தனிப் புலனாய்வுக் குழுவையே அமைக்கச் சொன்னது. பொய்க் கேஸ் போடுகிறவர்களால் நிஜமாகவே கை கால் போனவர்களையும் சந்தேகக் கண்ணோடு பார்க்கிற நிலை வருகிறது.

சரி, எழுத்தில் எந்தக் கணக்கும் இல்லாதவர் கதி என்ன? சட்டம் அவரைக் கைவிடவில்லை. 2014இல் ஒரு காய்கறி வியாபாரியின் வழக்கில், காய் விற்கிறவரிடம் போய் வருமானச் சான்று கேட்பது நியாயமில்லை என்று உச்ச நீதிமன்றம் சொல்லி, மாதம் 6,500 ரூபாய் என்று எடுத்துக்கொண்டது. வீட்டு வேலை மட்டும் பார்க்கிற பெண்ணின் உழைப்புக்கும் மதிப்பு உண்டு என்று 2001, 2010, 2021ஆம் ஆண்டுகளின் தீர்ப்புகளில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. அதனால் “நான் சும்மா வீட்டுல இருக்கேன்” என்று யாரும் சாட்சி சொல்லாதீங்க. காலை நாலு மணியிலிருந்து என்னென்ன செய்கிறீர்களோ அதைச் சொல்லுங்க.

நோட்டு இருந்தால் எவ்வளவு வித்தியாசம்?

கணக்கு போட்டுப் பார்ப்போம். 34 வயது சகோதரி. இரண்டு எருமை, ஒரு தையல் மெஷின். பால் சங்கத்தில் மாதம் 9,000 வரவு. தீவனம், வைக்கோல், டாக்டர் செலவு 4,500. மிச்சம் 4,500. தையலில் செலவு போக 4,000. ஆக 8,500. பால் வரவு 9,000ஐ அப்படியே வருமானம் என்று சொல்லக் கூடாது. வரவு வேறு, வருமானம் வேறு. இது நம் குழுப் பயிற்சியில் முதல் நாளே சொல்லிக் கொடுப்பதுதான்.

விபத்தில் கால் முறிந்து மூன்று மாதம் படுக்கை. அப்போது வருமான இழப்பு 25,500. அதற்குப் பிறகும் கால் மடக்க முடியாததால் வேலைத் திறன் 20 சதவீதம் குறைந்துவிட்டது என்று தீர்ப்பாயம் முடிவு செய்கிறது. வருட வருமானம் 1,02,000. அதில் 20 சதவீதம் 20,400. உச்ச நீதிமன்றம் 2009இல் வகுத்த வயதுப் பட்டியல்படி 31 முதல் 35 வயது வரை பெருக்க வேண்டிய எண் 16. ஆக 3,26,400 ரூபாய். (எதிர்கால வருமான உயர்வை இந்தக் கணக்கில் நான் சேர்க்கவில்லை.)

அதே சகோதரியிடம் பால் அட்டையும் இல்லை, நோட்டும் இல்லை, தீர்ப்பாயம் ஒரு மதிப்பாக மாதம் 5,000 என்று எடுத்துக்கொண்டது என்று வைப்போம். வருடம் 60,000. அதில் 20 சதவீதம் 12,000. அதை 16ஆல் பெருக்கினால் 1,92,000. வித்தியாசம் 1,34,400 ரூபாய். ஒரு நாற்பது பக்க நோட்டும் ஒரு பால் அட்டையும் இவ்வளவு பெறும் அக்கா!

வருமான வரிக் கணக்கு தாக்கல் செய்கிற வீடுகளும் இப்போது நம்மிடையே இருக்கின்றன. தமிழ்நாட்டைச் சேர்ந்த ஒரு குடும்பத்தின் வழக்கில், வருமான வரிக் கணக்கு சட்டப்படியான ஆவணம், அதை வைத்து வருமானத்தை முடிவு செய்யலாம் என்று 2019இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. அப்படியானால், அதில் குறைத்துக் காட்டியிருந்தால் நம் இழப்பீடும் குறையும். அது இரண்டு பக்கமும் வெட்டுகிற அரிவாள்.

வாடகை வண்டிச் செலவு

இப்போது வண்டி வாடகைக்கு வருகிறேன். இதில் இரண்டு விதம்.

முதலாவது, ஆஸ்பத்திரிக்குப் போய்வந்த ஆட்டோ, கார் வாடகை. ரசீது இல்லாவிட்டாலும் நியாயமாக ஒரு தொகை போட்டுக் கொடுப்பது உண்டு. ஆனால் தேதி, எங்கிருந்து எங்கே, வண்டி நம்பர், கொடுத்த பணம், டிரைவர் கையெழுத்து என்று ஐந்து விஷயம் எழுதி வைத்திருந்தால் அந்தத் தொகை ஊகமாக இருக்காது.

இரண்டாவது, நம் வண்டி ஒர்க்‌ஷாப்பில் நிற்கும்போது பிழைப்புக்காக எடுக்கிற வாடகை வண்டி. இப்போது நம் குழுக்களில் காய்கறி ஏற்ற, பால் ஏற்ற குட்டியானை வண்டி வைத்திருக்கிறோம். யாரோ வந்து மோதிவிட்டார்கள். நம் சொந்த இன்சூரன்ஸ் பாலிசியைப் பிரித்துப் பாருங்கள். வழக்கமான பாலிசி வண்டியைச் சரி செய்கிற செலவைத்தான் தரும். வண்டி ஓடாததால் வந்த நஷ்டத்தைத் தராது. தனியாகப் பிரீமியம் கட்டிக் கூடுதல் காப்பீடு எடுத்திருந்தால்தான் உண்டு. எனவே இந்த நஷ்டத்தை மோதியவர் தரப்பிடம்தான் கேட்க வேண்டும். வண்டிச் சேதம் 2,000 ரூபாய்க்கு மேல் இருந்தால் தீர்ப்பாயத்திலும் கேட்கலாம், விருப்பப்பட்டால் சிவில் கோர்ட்டிலும் கேட்கலாம். இன்சூரன்ஸ் கம்பெனிகள் இதை எளிதில் ஒப்புக்கொள்வதில்லை. அதனால் கணக்கு இன்னும் சுத்தமாக இருக்கணும்.

20 நாள், ஒரு நாளைக்கு 1,500 ரூபாய் வாடகை என்றால் 30,000. அப்படியே கேட்கலாமா? வாடகையில் டீசலும் அடக்கம் என்றால், நம் வண்டிக்கு நாம் தினம் போட்டிருக்க வேண்டிய டீசல் 600 ரூபாய் மிச்சமாகியிருக்கிறது. 20 நாளைக்கு 12,000. நமக்கு உண்மையில் கூடுதலாக ஆனது 18,000தான். மிச்சமானதையும் நாமே சொல்லிவிட்டால் எதிர்த்தரப்பு வக்கீல் கேட்க ஒன்றுமே இருக்காது. வாடகைக்குக் கொடுத்தவர் கொழுந்தன்தான் என்றால் அதையும் சொல்லணும். சொந்தக்காரர் வண்டி எடுப்பது தப்பில்லை, மறைப்பதுதான் தப்பு.

“கையில காசு இல்லை” என்று சொன்னால்

20 நாளில் முடிய வேண்டிய ரிப்பேர் இரண்டு மாதம் இழுத்தது. ஏன் என்று கேட்டால், “ஒர்க்‌ஷாப்புக்குக் கொடுக்கக் காசு இல்லைங்க” என்கிறோம். உண்மையாகவும் இருக்கலாம். ஆனால் இந்த இடத்தில் நம் பொறுப்பு கூடுகிறது. காசு இல்லை என்று சொன்னவர்தான் அதைக் காட்ட வேண்டும்.

இங்கிலாந்தில் இந்த விஷயத்துக்கு ஒரு நீண்ட சரித்திரமே இருக்கிறது. 1928இல் கிரேக்க நாட்டின் பத்ராஸ் துறைமுகத்தில் தூர்வாரிக்கொண்டிருந்த ஒரு கப்பலை, இன்னொரு கப்பல் நங்கூரத்தோடு இழுத்து மூழ்கடித்துவிட்டது. அதன் சொந்தக்காரர்களிடம் வேறு கப்பல் வாங்க முதல் இல்லை. அதிக செலவில் வாடகைக் கப்பலை வைத்து வேலையை முடித்தார்கள். அந்நாட்டின் மேல் நீதிமன்றமாக இருந்த பிரபுக்கள் சபை 1933இல் என்ன சொன்னது? உங்கள் ஏழ்மையால் வந்த கூடுதல் செலவுக்கு இடித்தவர் பொறுப்பில்லை என்றது. பணக்காரனுக்கு ஒரு நியாயம், ஏழைக்கு ஒரு நியாயம் என்பது போல ஆனது.

எழுபது வருடம் கழித்து, 2003இல், அதே சபை அதை மாற்றியது. வேலையில்லாத ஒரு மனிதரின் பழைய கார் அடிபட்டது. ரொக்கம் கொடுத்து வாடகைக் கார் எடுக்க அவரிடம் வழியில்லை. பிறகு கொடுக்கலாம் என்று கடனுக்குக் கார் தருகிற கம்பெனியிடம் எடுத்தார். அதற்கு வாடகை அதிகம். ஐந்து நீதிபதிகளில் மூன்று பேர், அந்தக் கூடுதல் வாடகையும் கிடைக்க வேண்டும் என்றார்கள். அவர்கள் வைத்த அளவுகோல் நமக்கும் புரிகிற ஒன்று. நியாயமாக எதிர்பார்க்க முடியாத தியாகத்தைச் செய்யாமல் அவரால் அந்தப் பணத்தைப் புரட்டியிருக்க முடியுமா? பிள்ளை ஃபீசை நிறுத்தி, தாலியை அடகு வைத்துத்தான் முடியும் என்றால், அவரால் முடியாது என்றுதான் அர்த்தம்.

ஆனால் இந்த உரிமையோடு ஒரு கடமையும் வந்தது. காசில்லை என்று சொல்கிறவர், பேங்க் கணக்கு, சம்பளச் சீட்டு, கடன் விவரம் எல்லாவற்றையும் கோர்ட் சொன்ன தேதிக்குள் காட்ட வேண்டும். காட்டாவிட்டால் அந்த வாதத்தையே எடுக்க முடியாது. 591 நாள் வாடகைக் கார் வைத்திருந்த ஒருவர் இப்படிக் காட்டத் தவறினார். வாடகை விகிதத்துக்கும் சரி, எத்தனை நாள் என்பதற்கும் சரி, ஏழ்மையைக் காரணமாகச் சொல்ல அவருக்கு இடமில்லை என்று 2014இல் அங்குள்ள மேல்முறையீட்டு நீதிமன்றம் சொல்லிவிட்டது.

இது இங்கிலாந்துச் சட்டம். நம் ஊர்த் தீர்ப்பாயம் இதை அப்படியே பின்பற்றும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் கேட்கப்படும் கேள்வி எங்கேயும் ஒன்றுதான். “காசில்லைன்னீங்களே, பாஸ்புக்கைக் காட்டுங்க.”

அப்போது குழுவின் சேமிப்புக் கணக்கில் 60,000 இருந்தால் என்ன செய்வது? மறைக்கக் கூடாது. அந்த 60,000 பேங்க் கடன் தவணைக்கு ஒதுக்கியது என்றால், தீர்மான நோட்டில் அந்தத் தீர்மானத்தைக் காட்டுங்க. உள்கடனுக்கு மூன்று உறுப்பினர்களுக்குக் கொடுப்பதாக முடிவானது என்றால், அந்தப் பக்கத்தைக் காட்டுங்க. பணம் இருந்தும் ஏன் எடுக்க முடியவில்லை என்பதுதான் நம் பதில். வாரக் கடன் இருக்கிறது, நகை அடகில் இருக்கிறது என்று சொல்ல வெட்கப்பட வேண்டாம். அந்த அடகுச் சீட்டுதான் உங்கள் சாட்சி. விபத்துக்குப் பிறகு அதைப் பார்த்து எழுதிய தீர்மானம் எடுபடாது. அன்றன்றைக்கு எழுதிய பக்கம்தான் பேசும். கந்துவட்டியை அப்படியே எதிர்த்தரப்பு தலையில் கட்டிவிடலாம் என்றும் நம்பிவிடாதீங்க.

மறைக்கத் தேவையே இல்லாதவை

பயத்தில் சில விஷயங்களை மறைக்கிறோம். “பேங்க் இன்சூரன்ஸ் வந்ததைச் சொன்னா கழிச்சிடுவாங்களாமே” என்று கேட்கிறார்கள். பிரீமியம் கட்டி எடுத்த ஆயுள் காப்பீட்டுத் தொகையை விபத்து இழப்பீட்டில் கழிக்கக் கூடாது என்று 1998லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. தைரியமாகச் சொல்லலாம். அரசுத் திட்டத்தில் கட்டணமில்லாமல் ஆபரேஷன் நடந்திருந்தால் அதையும் சொல்லுங்க. கொடுக்காத பணத்துக்கு பில் வைக்காதீங்க. வெளியில் வாங்கிய மருந்து, வண்டி, சாப்பாடு என்று கையிலிருந்து போனதைத் தனியாக எழுதுங்க.

குழுக்கள் செய்ய வேண்டியவை

1. ஒவ்வொரு உறுப்பினரும் வீட்டு வரவு செலவு நோட்டு ஒன்று வைக்கணும். எழுதத் தெரியாதவருக்குப் பிள்ளைகளோ ஊக்குநரோ எழுதித் தரலாம்.

2. பால் அட்டை, நூறு நாள் வேலை செய்தவர்களின் அட்டை, தையல் ரசீது, விதை உர பில் எல்லாம் ஒரே பையில் இருக்கட்டும்.

3. கடன் விண்ணப்பத்தில் உண்மையான வருமானத்தையே எழுதணும். அதன் நகல் ஒன்றை வாங்கி வச்சுக்குங்க.

4. குழு வண்டிக்குத் தினசரி ஓட்ட நோட்டு வேண்டும். எத்தனை கிலோமீட்டர், என்ன சுமை, எவ்வளவு டீசல், எவ்வளவு வரவு என்று எழுதணும்.

5. விபத்து நடந்தால் ஒர்க்‌ஷாப்பில் வண்டி விட்ட தேதி, எடுத்த தேதி எழுதிய சீட்டு, வாடகை ரசீது இரண்டையும் கேட்டு வாங்குங்க. பணத்தை முடிந்தவரை பேங்க் வழியாகக் கொடுங்க.

6. வெத்துப் பேப்பரில் யாருக்கும் கையெழுத்துப் போடாதீங்க. ஆஸ்பத்திரி வாசலிலேயே வந்து நிற்கிற புரோக்கரிடம் அசல் பேப்பரைக் கொடுக்காதீங்க. மனுவில் என்ன வருமானம் எழுதியிருக்கிறது என்று படிக்கச் சொல்லிக் கேட்ட பிறகே கையெழுத்து.

பெண்களுக்கு வருமான வரம்பு எதுவும் இல்லாமல் இலவச சட்ட உதவி உண்டு. 1987ஆம் ஆண்டு சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டம் தந்த உரிமை அது. மாவட்ட நீதிமன்ற வளாகத்திலும், வட்ட அளவிலும் அலுவலகம் இருக்கிறது. 15100 என்ற எண்ணுக்குப் போன் செய்தும் கேட்கலாம்.

சகோதரிகளே, மாதாமாதம் 10 ரூபாய் சேமித்த காலத்திலிருந்தே குழு நமக்குக் கற்றுக்கொடுத்தது கணக்குதான். ரொக்கப் புத்தகத்தில் ஐந்து ரூபாய் இடித்தாலும் சரியாகும் வரை எழுந்து போகாதவர்கள் நாம். அந்தப் பழக்கத்தை வீட்டுக் கணக்குக்கும் கொண்டுபோவோம். அடுத்த மாதாந்திரக் கூட்டத்தில் ஒவ்வொரு குழுவிலும் எத்தனை பேர் நோட்டு போட்டிருக்கிறார்கள் என்று ஊக்குநர்கள் எண்ணி, கூட்டமைப்புக்குச் சொல்ல வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

யாருக்கும் விபத்து வர வேண்டாம். வந்தால், நம்ம நோட்டு நமக்காகப் பேசட்டும்.